அன்றாட வாழ்வும் அநித்தியமும்: எழுதப் புகுவோர்க்கு ஒரு பாடம்

‘எழுதுங்கள்’ என்று நம் இளைஞரையும் மாதரையும் நோக்கிக் கூறும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கின்றது. “எங்கள் வாழ்வில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா? விடிந்தால் குழாயடி, பிறகு வேலை, பொழுது சாய்ந்தால் அடுப்படி. நேற்றும் இதுவே, நாளையும் இதுவே. கதை எழுத ஊரெல்லாம் சுற்றியிருக்க வேண்டும், கவி எழுதக் கல்லூரிக்குச் சென்றிருக்க வேண்டும்” என்கின்றனர்.

இவ்விடையில் இரண்டு எண்ணங்கள் அடங்கியுள்ளன. அன்றாட வாழ்வு எழுத்துக்குத் தகாதது என்பது ஒன்று. அவ்வாழ்வில் மாறுதல் எதுவும் நிகழ்வதில்லை என்பது மற்றொன்று. முதல் எண்ணம் தவறானதென்று நம் பழைய நூலொன்றே காட்டிவிடும். இரண்டாவது எண்ணமோ தவறானது மட்டுமன்றி நமக்குத் தீங்கு பயப்பதுமாகும். இவற்றை ஆராய்ந்து, எழுதப் புகுவோர் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறுதலே இப்பாடத்தின் நோக்கம்.

1. பழைய நூல் காட்டும் சான்று

பாலி மொழியிலுள்ள திரிபிடகத்தில், குத்தக நிகாயம் என்னும் பகுதியுள் தேரிகாதை என்றொரு சிறு நூல் உண்டு. தேரிகள் என்போர் மூத்த பிக்குணிகள். அவர்கள் பாடியனவாக 73 பாடல்கள் அந்நூலில் தொகுக்கப்பட்டுள்ளன. சில பாடல்கள் ஒரே செய்யுளால் ஆனவை, சில நீண்டவை. முதலில் வாய்மொழியாகவே காக்கப்பட்டு, ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன்னர் இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்ட பிடகங்களோடு இந்நூலும் நமக்குக் கிடைத்தது. உலகில் பெண்கள் பாடிய பாடல்களின் மிகப் பழைய தொகுப்புகளில் இஃது ஒன்றென்று அறிஞர் கூறுவர்.

இத்தேரிகளின் வரலாறுகளை உரையாக எழுதியவர் தம்மபாலர். அவர் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்த விகாரையொன்றில் வாழ்ந்தவரென்பது மரபு. தமிழில் குண்டலகேசி என்னும் காப்பியத்தின் தலைவியாகிய பத்தையும் இத்தொகையில் பாடிய தேரிகளுள் ஒருவளே. ஆயினும் அக்காப்பியம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. சில செய்யுட்களே எஞ்சின. பாலியில் காக்கப்பட்டது நின்றது. தமிழில் காக்கப்படாதது மறைந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இத்தேரிகள் எதனைப் பாடினர்? அரண்மனையையும் போர்க்களத்தையும் தேடிச் செல்லவில்லை. உரல், உலக்கை, பானை, விளக்குத் திரி, கால் கழுவிய நீர், நரைத்த கூந்தல் ஆகிய இவற்றையே பாடினர். அவர்களுள் அரசகுலத்தாரும் செல்வர் வீட்டு மகளிரும் இருந்தனர். அடிமைப்பெண்ணும் கூடைமுடைவோன் மனைவியும் இருந்தனர். தத்தம் கண்ணெதிரே இருந்த பொருளில் ஒரு மாறுதலைக் கண்டனர். கண்டதைச் சொன்னார்கள். அச்சொற்கள் இன்றும் வாழ்கின்றன.

ஆகவே, எழுத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டுவதில்லை. பழகிய பொருளில் நிகழ்ந்த மாறுதலைக் காண வேண்டும். இதுவே இப்பாடத்தின் முதல் விதி. இனி, அவ்வாறு காணும் வழிகள் யாவை என்பதை அத்தேரிகளிடமே கேட்போம்.

2. நான்கு வழிகள்

முதல் வழி: அன்றும் இன்றும். வைசாலி நகரில் அழகால் புகழ்பெற்ற கணிகையாயிருந்து, பின்னர்த் துறவு பூண்டவள் அம்பபாலி. முதுமையில் அவள் பாடியது 19 செய்யுட்கள் கொண்ட பாடல். கூந்தலில் தொடங்கிப் பாதம் வரையில் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, இளமையில் அஃது எவ்வாறிருந்தது, இப்பொழுது எவ்வாறிருக்கின்றது என்று ஒவ்வொரு செய்யுளிலும் கூறிச் செல்கின்றாள். முடிவில் தன் உடலைப் பழுதுற்ற பழைய வீடொன்றுக்கு ஒப்பிடுகின்றாள். அழுது புலம்பவில்லை, ‘ஐயோ முதுமையே’ என்று கூவவில்லை. அன்று, இன்று, அன்று, இன்று என்னும் அடுக்கே பாட்டாயிற்று.

எழுதப் பழகுவோர்க்கு இதனினும் எளிய வழி வேறில்லை. நம் தெருவையே எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுகட்கு முன் அதன் முனையில் என்ன இருந்தது, இன்று என்ன இருக்கின்றது? வீட்டுச் சுவரில் முன்னர் மாட்டியிருந்த படம் எது, இப்பொழுதிருப்பது எது? அன்னையின் கை அன்று எவ்வாறிருந்தது, இன்று எவ்வாறிருக்கின்றது? இரண்டிரண்டு வாக்கியங்களாக எழுதிச் செல்லுங்கள். பத்து இணைகள் எழுதி முடிப்பதற்குள், நீங்கள் எண்ணியிராத ஒன்று அவற்றினிடையே தலைகாட்டும். அதுவே உங்கள் கதை.

இரண்டாவது வழி: ஒரு கணத்தை நிறுத்திக் காணல். படாசாரை என்பவள் கணவனையும் இரு மக்களையும் பெற்றோரையும் உடன்பிறந்தானையும் அடுத்தடுத்து இழந்து, சித்தம் கலங்கித் திரிந்தவளென்று உரை கூறும். அத்துணைப் பெருந்துயரம் அடைந்தவள் தன் பாடலில் அத்துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது வியப்பன்றோ! அவள் கூறுவனவெல்லாம் சிறு செயல்கள். கால் கழுவினாள், கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செல்வதைப் பார்த்தாள். பின்பு விளக்கையெடுத்துக்கொண்டு உறைவிடம் புகுந்தாள், படுக்கையைப் பார்த்து அமர்ந்தாள், ஊசியால் திரியை உள்ளே இழுத்தாள், விளக்கு அணைந்தது. அவ்வேளையிலே அவள் மனம் விடுதலை பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டுவதொன்றுண்டு. அவள் மும்முறை நீர் வார்த்தாளென்றும், ஒவ்வொரு முறையும் நீர் சென்ற தொலைவு மனித ஆயுளின் மூன்று பருவங்களைக் குறித்ததென்றும் விளக்கம் சொல்பவர் உரையாசிரியர். படாசாரை அவ்வாறு விளக்கவில்லை. நீரை ஓடவிட்டாள்; அவ்வளவே. பொருளை உணர்வது கேட்பவர் வேலையென்று விட்டுவிட்டாள். உபதேசம் செய்து பழகிய நம்போன்றோர்க்கு இஃது அரிய பாடம். கதை முடிந்தபின் ‘இதனால் அறியப்படும் நீதி யாதெனில்’ என்று ஒரு வாக்கியத்தை ஒட்டவைக்கக் கை துடிக்கும். அக்கையை அடக்குதல் வேண்டும். நீர் ஓடியது மெய்யாகக் காட்டப்பட்டிருப்பின் நீதி தானே விளங்கும். காட்டப்படாதிருப்பின் எத்தனை நீதி ஒட்டினும் நில்லாது.

மூன்றாவது வழி: கைப்பொருளின் பெயரைச் சொல்லுதல். முத்தை என்பவளின் பாடல் ஒரே செய்யுள்தான். உரல், உலக்கை, கூனற்கணவன் ஆகிய வளைந்த மூன்றினின்றும் தான் விடுபட்டதைப் பாடுகின்றாள். சுமங்கலத் தேரரின் தாய் நாணற்கூடை முடைவோன் மனைவி என்று உரை கூறும்; அவளும் உலக்கையினின்று விடுபட்ட மகிழ்ச்சியைப் பாடும்போது, தன் வீட்டுப் பானையின் நாற்றத்தை மறவாமல் குறிப்பிடுகின்றாள். தேரிகாதையோடு இணைந்த தேரகாதையில் சுனீதர் பாடல் உள்ளது. தாழ்ந்ததெனப்பட்ட குடியிற் பிறந்து, வாடிய மலர்களை அள்ளி அகற்றும் தொழில் செய்தவர் அவர். பகவன் புத்தர் நகருக்குள் வருவதைக் கண்டதும் தாம் செய்த முதற் செயலாக அவர் கூறுவது, தோளிலிருந்த காவடித் தண்டைக் கீழே இறக்கி வைத்ததையே.

‘நான் வறுமையில் வாடினேன்’ என்று எவரும் எழுதலாம். வறுமை என்னும் சொல் எல்லார்க்கும் பொது. காவடித் தண்டு என்பதோ சுனீதர்க்கே உரியது. அதனை அவர் இறக்கி வைத்த ஓசை இன்றும் நம் செவியில் விழுகின்றதன்றோ? ஆதலின், துன்பம், இன்பம், சுமை, விடுதலை என்னும் பெருஞ்சொற்களை எழுதுமுன், அவை எந்தப் பொருளின் மேல் ஏறி வந்தன என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்க்குடமா? துடைப்பமா? ரேஷன் அட்டையா? ஆலை வாயிலில் காட்டும் அடையாளச் சீட்டா? அப்பொருளின் பெயரை உள்ளபடியே எழுதுங்கள். அது கொச்சையாயினும் நாணற்க.

நான்காவது வழி: வேலையினிடையே எழும் கேள்வி. புண்ணிகை என்பவள் நீர் சுமக்கும் அடிமைப்பெண். எஜமானியரின் அடிக்கும் வசைக்கும் அஞ்சிக் கடுங்குளிரிலும் ஆற்றில் இறங்கியவள். அங்கே பார்ப்பனர் ஒருவர் அக்குளிரில் நடுங்கிக்கொண்டு நீராடுவதைக் கண்டாள். தான் இறங்குவது அடிக்கு அஞ்சி. இவர் இறங்குவது எதற்கு அஞ்சி? கேட்டாள். பாவம் கழுவுதற்கென்று விடை வந்தது. நீரால் பாவம் போகுமாயின் தவளையும் ஆமையும் அன்றோ முதலில் மேலுலகம் புகும் என்று வினவினாள். அவ்வுரையாடலே அவள் பாடல். இத்துணைக் கூர்மையான கேள்வி அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது? நாள்தோறும் அதே நீரில் நின்றதனால் கிடைத்தது. தவளையையும் ஆமையையும் அறிந்தவள் அவள். நாமும் நம் வேலையில் நாள்தோறும் எதனைக் காண்கின்றோம், அதைப் பற்றி எவரும் கேளாத கேள்வி எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

3. அறுந்த நூல்

‘நாள்தோறும் காண்பதில் மாறுதலை எவ்வாறு கண்டுபிடிப்பது? கண்ணுக்குப் பழகிவிட்டதே’ என்று சிலர் கேட்கலாம். நூற்பாலையில் வேலை செய்தவர்க்கு இதற்கு விடை தெரியும். ரிங் பிரேம் என்னும் பொறியில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே சீராகச் சுழல்கின்றன. தொழிலாளி அதன் பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறார். ஓடுகின்ற நூல்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. ஆயினும் அத்தனையுள் ஒரு நூல் அறுந்தவுடன் அவர் கண் அங்கே சென்று நிற்கும். கை சென்று இணைக்கும். புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு அவ்விழை தெரியாது. பலநாள் நடந்தவர்க்கே தெரியும். பழக்கம் அவர் கண்ணைக் குருடாக்கவில்லை, கூர்மையாக்கிற்று.

எழுதுகின்றவன் கண்ணும் அவ்வாறே பழக வேண்டும். ஒரே தெரு, ஒரே வேலை, ஒரே வீடு என்பது குறையன்று. அதுவே தேர்ச்சிக்குரிய இடம். நன்கறிந்த இடத்தில்தான் அறுந்த நூல் தெரியும். எதிர்வீட்டு முதியவர் இன்று நாற்காலியைத் திண்ணையில் போடவில்லை. தேநீர்க்கடைக்காரர் கணக்குப் பலகையை அழித்துவிட்டுத் தொலைபேசியில் பணம் பெறும் அட்டையை ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் முதன்முறையாகத் தானே பூட்டைத் திறந்து உள்ளே செல்கிறாள். இவை அறுந்த நூல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கதை தொங்குகின்றது.

4. மும்பை ஆலைப் பகுதியில் எழுந்த எழுத்து

இவ்வாறு எழுதியோர் பழங்காலத்தில் மட்டுமே இருந்தனர் என்று எண்ணற்க. மும்பையில் 1854-ஆம் ஆண்டில் முதல் பருத்தி ஆலைக் கம்பெனி தொடங்கப்பட்டது. பின்னர்ப் பரேல், லால்பாக், வோர்லி முதலிய பகுதிகளில் ஆலைகள் பெருகின. அப்பகுதிகளின் ஒண்டுக்குடித்தனங்களிலிருந்து மராத்தி இலக்கியத்தில் ஒரு புதிய குரல் எழுந்தது.

அண்ணாபாவ் சாட்டே 1920-இல் சாங்லி மாவட்டத்து வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், தீண்டப்படாதோரென ஒதுக்கப்பட்ட மாங்கு சாதியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. குடும்பத்தோடு மும்பை வந்து, ஆலைவேலை முதலிய பல கூலிவேலைகள் செய்தார். எழுத்தறிவைத் தாமே தேடிக்கொண்டார். ஊரில் மனைவியை விட்டு நகருக்குப் பிழைக்க வந்தவன் ஏக்கத்தை லாவணியாகப் பாடினார். நாவல்களும் சிறுகதைகளும் எழுதினார். 1959-இல் வெளிவந்த ‘பகீரா’ என்னும் நாவலை அண்ணல் அம்பேத்கரின் எழுதுகோலுக்கு அவர் காணிக்கையாக்கினார். 1969-இல் மறைந்தார்.

நாராயண் சுர்வே 1926-இல் பிறந்து, குழந்தையாகவே தெருவில் கைவிடப்பட்டவர். ஆலைத்தொழிலாளி ஒருவர் எடுத்து வளர்த்துத் தம் குடும்பப் பெயரையே கொடுத்தார். சிறுவயதில் எச்சிற்பாத்திரம் கழுவுதல் முதல் ஆலைவேலை வரையில் பலவும் செய்து, பள்ளியொன்றில் பியூனாக இருந்து, பின்னர் ஆசிரியராக உயர்ந்தார். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1962-இல் வெளிவந்தது. 1966-இல் வந்த தொகுதியின் பெயர் ‘மாஜே வித்யாபீட்’. என் பல்கலைக்கழகம் என்பது அதன் பொருள். அவர் குறித்த பல்கலைக்கழகம் தெருவும் ஆலையும் உழைப்பாளர் கூட்டமுமேயாம். 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2010-இல் காலமானார்.

இவ்விருவரும் எழுதிய காலத்தில் ஆலைச்சங்கு நாள்தோறும் ஊதிக்கொண்டிருந்தது. ஷிப்டு மாறும் வேளையில் தெருக்கள் நிரம்பின. அவ்வாழ்வு என்றும் நிலைக்குமென்றே பலரும் எண்ணியிருப்பர். 1982 ஜனவரி 18-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வெளியேறினர். அதன்பின் பல ஆலைகள் படிப்படியாக மூடப்பட்டன. புகைபோக்கி நின்ற இடங்களில் இன்று கடைமாளிகைகளும் அலுவலகக் கட்டடங்களும் நிற்கின்றன. அங்கே உழைத்தோர் எவ்வாறு வாழ்ந்தனர், என்ன உண்டனர், எதற்குச் சிரித்தனர், எதற்கு அஞ்சினர் என்று அறிய விரும்புவோர்க்குச் சாட்டேயும் சுர்வேயும் எழுதிய பக்கங்கள் உள்ளன. ஆலை போயிற்று; எழுத்து நின்றது.

அந்நகரில் பிழைக்க வந்த நம் மக்களும் தொழிற்சாலைகளிலும் தோற்கிடங்குகளிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தனர். அவர்களைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கங்கள் உள்ளன? பிறர் எழுதியவற்றை விலக்கி, அவர்களே எழுதியவை எத்தனை? இக்கேள்வியை ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பத்லித் தொழிலாளியாக ஆலை வாயிலில் வேலை கிடைக்குமா என்று காத்துநின்ற பாட்டனார் இன்னும் இருப்பாராயின், அவரிடம் சென்று அமருங்கள். அவர் மூச்சோடு மறையப்போவது குண்டலகேசியைப் போன்றதொரு காப்பியமே.

5. ‘மாறாது’ என்னும் சொல்

இனி, முதலிற் குறித்த இரண்டாவது எண்ணத்துக்கு வருவோம். ‘எங்கள் வாழ்வில் எதுவும் மாறுவதில்லை’ என்று கூறுவது ஏன் தீங்கு பயப்பதாகும்?

அநித்தியம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருவன நரை, திரை, மூப்பு, சாக்காடு. அஃது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. முத்தையின் பாடலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவளுக்கு மாறுதல் துக்கமாக வரவில்லை. உரலையும் உலக்கையையும் விட்டு எழுந்த மகிழ்ச்சியாக வந்தது. சுனீதர்க்கு அது தோளினின்றிறங்கிய தண்டாக வந்தது. உலகில் எதுவும் மாறாதாயின் முத்தை என்றும் உரலடியிலேயே இருந்திருப்பாள். அழகு நிலையாதது போலவே அடிமைத்தளையும் நிலையாதது. ‘இவன் பிறப்பு இது, இவன் தொழில் இது, இஃது என்றும் மாறாது’ என்று சொல்லிவந்தோர் யார் என்பதை நாம் அறிவோம். அவர்கள் சொல்லையே நாமும் நம் வாயால் சொல்லலாமா?

மாறுதல் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும். பாட்டன் எந்தக் கிணற்றில் நீர் மொள்ளக்கூடாதென்று தடுக்கப்பட்டார், பேரன் எந்தக் குழாயில் நீர் பிடிக்கின்றான் என்பதை எழுதி வைத்தால், அன்றும் இன்றும் இரண்டும் நிற்கும். எழுதாவிடில், ‘முன்னரும் இப்படித்தான் இருந்தது; கொடுமையென்று ஒன்று நிகழவேயில்லை’ என்று ஒருவன் சொல்லலாம்; ‘இனியும் மாறாது’ என்று வேறொருவன் சொல்லலாம். இருவர்க்கும் விடை கூறுவது நம் குறிப்பேடேயாம். மாறியது எது என்று எழுதுங்கள். மாறாது நிற்பது எது என்றும் ஒளியாமல் எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாயிருப்பின், நாம் செய்யவேண்டிய பணியும் அங்கேதான் தெரியும்.

6. ஏழு நாட் பயிற்சி

வாசித்ததோடு நில்லாமல் செய்து பார்த்தற்பொருட்டு இப்பயிற்சி தரப்படுகின்றது. எழுத்துக்கூட்டிப் படிப்போரும் செய்யலாம். எழுத அறியாத முதியோர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதலாம்.

முதல் நாள்: நாள்தோறும் காணும் பொருளொன்றைத் தேர்ந்துகொள்க. குடமோ, படிக்கட்டோ, செருப்போ, மரமோ எதுவாயினும் ஆகலாம். மூன்று வாக்கியங்களில் அஃது இன்று உள்ளபடி எழுதுக. உவமை வேண்டா.

இரண்டு, மூன்று, நான்காம் நாட்கள்: அதே பொருளை அதே வேளையில் காண்க. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமை ஒன்றை மட்டும் எழுதுக. வேற்றுமை இல்லையெனத் தோன்றினால் இன்னும் சற்று நேரம் நின்று பார்க்க.

ஐந்தாம் நாள்: அப்பொருளோடு நெடுநாட் பழகியவர் ஒருவரைக் கேட்டு, பல்லாண்டுகட்கு முன் அஃது எவ்வாறிருந்தது, அல்லது அதனிடத்தில் என்ன இருந்தது என்று எழுதுக. அவர் சொல்லை அவர் சொன்னபடியே எழுதுக, திருத்தற்க.

ஆறாம் நாள்: எழுதிய அனைத்தையும் அன்று, இன்று என வரிசைப்படுத்துக.

ஏழாம் நாள்: உரக்கப் படிக்க. ‘வறுமை’, ‘துன்பம்’, ‘மகிழ்ச்சி’ என்னும் சொற்கள் உள்ள இடங்களைக் கோடிட்டு, அவ்விடங்களில் ஒரு பொருளையோ செயலையோ வைக்க. இறுதி வாக்கியம் நீதி கூறுமாயின் அதனை அடித்துவிட்டு, அதற்கு முந்திய வாக்கியத்தோடு நிறுத்துக.

அன்பர்களே! காகிதமும் எழுதுகோலும் இன்று எவர்க்கும் எட்டாத பொருள்களல்ல. காவலர் எவரும் கல்விச்சாலை வாயிலில் நின்று நம்மைத் தடுப்பதும் இல்லை. புண்ணிகையின் காலத்தில் குடம் மட்டுமே அவள் கையில் இருந்தது. அவள் சொல்லைப் பிறர் நினைவில் காத்தனர். நம் கையிலோ குடத்தோடு எழுதுகோலும் உண்டு. இன்று மாலை வீடு திரும்பியதும் ஒரு பக்கத்தில் தேதியிடுங்கள். அதன்கீழ் முதல் மூன்று வாக்கியங்களை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அக்குறிப்பேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். அனைவரும் கூடியிருந்து படிப்போம்.